மேட்டு நிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930களில் வெட்டப்பட்டது அது. அதன் பாலத்தைத் தாண்டிப் புதுக்கோட்டைச் சாலையில் தெற்கே போகப் போக, ஆற்றுப் பாசனம் பின்னால் நின்றுவிடுகிறது. நிலம் மெல்ல மேடேறுகிறது. வண்டல் போய்ச் செம்மண் வருகிறது. செம்மண்ணுக்கு அடியில் சரளையும் செம்புராங்கல்லும் தலைகாட்டுகின்றன. குருங்குளம் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கொஞ்சம் கரும்பு, அதுவும் போர்த் தண்ணீரில். பிறகு நிலக்கடலைக் கொல்லை, முந்திரித் தோப்பு, வரிசை வரிசையாகத் தைலமரம். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவாந்தரத்தில் கந்தர்வக்கோட்டை வந்துவிடும். பழைய தஞ்சாவூர்ச் சீமையின் ஜமீன்களில் ஒன்றாக இருந்து, 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்த ஊர் இது. ஆட்சி எல்லையை ஓர் அரசாணை மாற்றிவிடலாம். மண்ணைப் பொறுத்தவரை கந்தர்வக்கோட்டை எப்போதுமே டெல்டாவின் ஊர் அல்ல. மழையை நம்பிய மேட்டு நிலம்.

இந்தச் சாலையின் இருபுறமும், உள்ளே பிரியும் கிளைச் சாலைகளிலும், புது வீடுகள் எழும்பியிருக்கின்றன. பல வீடுகளின் பணம் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தது. சுற்றுச்சுவரும் எஃகு வாயிற்கதவும் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் வெளியை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. அதற்குக் கிடைக்கும் பதில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றே. இரண்டு மூன்று லாரி கிராவல் அடித்து மனையைச் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்துவது, முக்கால் பங்குக்குப் பேவர் பிளாக் பதிப்பது, ஒரு மூலையில் கொரியன் புல் விரிப்பது, சுவரோரம் ஒரே உயரத்தில் பத்துப் பதினைந்து அலங்காரச் செடி வைப்பது. வேலை முடிந்த அன்று படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அங்கே மனம் நிறைந்துவிடும். இங்கே பில் தீர்ந்துவிடும். நான் சொல்ல வருவது இந்த வழக்கத்துக்கு நேர் எதிரானது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தை, அந்த ஊர்க் குளத்தை அமைத்தவர் யோசித்தது போலவே யோசித்துத் திட்டமிட வேண்டும். மழை எங்கிருந்து வருகிறது, எங்கே தங்கும், மிஞ்சியது எந்த வழியே வெளியேறும் என்பதில் தொடங்கி, செடி எது என்பதில் முடிய வேண்டும். காண்ட்ராக்டரோடு பேசும் ஒப்பந்தமும் அதே வரிசையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பத்து சென்ட் மனை ஒன்றின் மேல் ஆண்டுக்கு விழும் தண்ணீர் அந்தக் கணக்கில் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். ஆயிரம் சதுர அடிப் புல்தரைக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 450 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். மாசியிலிருந்து ஆனி வரை கணக்கிட்டால் எழுபதாயிரம் லிட்டர். காகிதத்தில் பார்த்தால் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த மழையில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது, அதிலும் சில நாள்களில். பேவர் பிளாக் பதித்து உயர்த்திய மனையில் அந்தத் தண்ணீர் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. வாசலைத் தாண்டிச் சாலைக்கும் பக்கத்து மனைக்கும் ஓடுகிறது. பிறகு பங்குனியில் அதே வீட்டில் போர் மோட்டார் புல்லுக்காக ஓடுகிறது. வானம் இலவசமாகக் கொடுத்ததை வெளியே தள்ளிவிட்டு, பூமிக்கடியில் இருப்பதை மின்சாரம் செலவழித்து மேலே எடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கப்படுகிறது.

இந்தப் பச்சைப் புல்லின் ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. சிங்கப்பூரில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவரின் கண்ணில், லீ குவான் யூ 1967இல் தொடங்கிவைத்த தோட்ட நகரத் திட்டத்தின் பச்சை பதிந்திருக்கும். சாலையோரமெல்லாம் புல், மரம், மறுபடியும் புல். ஆனால் அந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதுவும் ஏறக்குறைய எல்லா மாதமும். அங்கே புல்லுக்கு வானமே தண்ணீர் ஊற்றிவிடுகிறது. மழை குறைந்த ஊர்களில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் நமக்குப் பொருத்தம். அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981லேயே, குறைந்த தண்ணீரில் வளரும் வீட்டுத் தோட்டத்துக்கென்று தனி முறையை வகுத்துப் பிரசாரம் செய்தது. நெவாடா மாநிலம் அதற்கும் ஒரு படி மேலே போய், லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் வெறும் அழகுக்காக மட்டும் வளர்க்கும் பொதுவெளிப் புல்தரைகளை அகற்ற 2021இல் சட்டமே போட்டது. பணம் இல்லாமல் புல்லைக் கைவிட்டவர்கள் அல்ல அவர்கள்.

கந்தர்வக்கோட்டைக்காரருக்கு டென்வர்வரை போகத் தேவையும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் இருக்கின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம், வயலையும் வீட்டையும் இவ்வளவு காலம் காப்பாற்றி வந்தது இவற்றால்தான். ஒரு குளத்தின் அமைப்பைக் கவனித்தால் அதில் மூன்று பகுதி: மேட்டிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் வரத்து வாரி, தண்ணீரைத் தாங்கும் தாழ்ந்த உள்வாயும் கரையும், நிரம்பிய பிறகு மிச்சத்தை அடுத்த குளத்துக்கு அனுப்பும் கலிங்கு. மூன்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை. சாலை போய்ச் சேரும் புதுக்கோட்டை நகரத்தில் இதற்கு இன்னொரு சான்று உண்டு. 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி நகரத்தைத் திருத்தியபோது முன்னுரிமை கொடுத்த வேலைகளில் ஒன்று குளங்களைச் சீர்ப்படுத்துவது. புதுக்குளத்தின் பேரோடு அவர் பேரும் சேர்ந்தே நிற்கிறது. கட்டடத்தைவிட நீர்நிலைக்கு முதலிடம் கொடுத்தவர்களின் நாட்டில், பத்து சென்ட் மனையில் அந்த முறையைக் கையாளக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கையாள்வது எப்படி? 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கட்டுப்பட்டுப் பெரும்பாலான வீடுகளில் ஒரு குழி இருக்கிறது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கருங்கல் ஜல்லி நிரப்பிய பிறகு அதில் தண்ணீர் நிற்கும் இடம் முந்நூறு லிட்டர் அளவே. ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இறங்கும் தண்ணீரோ 4,600 லிட்டர். குழி சட்டத்துக்கு, தண்ணீர் தெருவுக்கு. இதற்கு மாறாக, தோட்டத்துக்கென்று ஒதுக்கும் ஆயிரம் சதுர அடியை நடைபாதை மட்டத்திலிருந்து அரையடி தாழ்த்திவிட்டால் அதற்குள் 14,000 லிட்டர் நிற்கும். மாடிக் குழாய்களை அதை நோக்கித் திருப்பினால் அவை வரத்து வாரி. தாழ்ந்த தரை உள்வாய். சுவரின் ஓரத்தில் உயரம் பார்த்து விட்ட ஒரு திறப்பு கலிங்கு. செலவுக் கணக்கும் வேடிக்கையானது. ஆயிரம் சதுர அடியை அரையடி உயர்த்த ஐந்து யூனிட் மண் விலைக்கு வாங்க வேண்டும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அதே இடத்தை அரையடி தாழ்த்தினால் ஐந்து யூனிட் மண் கைக்கு வருகிறது. அதை வேலியோரம் கரையாக அணைத்து, முருங்கையோ கறிவேப்பிலையோ வைக்கலாம். உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஜேசிபிக்கு ஏறக்குறைய ஒரே நேர வேலைதான்; வேறுபாடு மண்ணின் விலையில்.

மனையைத் தாழ்த்து என்றதும் எழும் மறுப்புகள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும் என்பார்கள். ஏறும், சுவரை ஒட்டித் தாழ்த்தினால். வீட்டைச் சுற்றி ஆறு எட்டடிக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கெட்டித் தரை விட்டு, அதற்கு அப்பால் தாழ்த்தினால் ஏறாது. பேவர் பிளாக்குக்கு நியாயமான இடமும் அந்த ஆறு எட்டடிதான். கொசு என்பார்கள். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரமாவது வேண்டும். நல்ல செம்மண்ணில் தண்ணீர் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆனால் எல்லா மனையும் நல்ல செம்மண் அல்ல. கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் இரண்டடிக்குக் கீழே சரளையோ செம்புராங்கல்லோ தட்டினால் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஆகவே எந்த காண்ட்ராக்டரையும் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மனையில் மூன்று இடத்தில் இரண்டடிக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மறுபடி நிரப்பி, மறுநாள் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. இதற்கு ஒரு கடப்பாரையும் நான்கு குடம் தண்ணீரும் போதும். வற்றாத இடத்தில் உள்வாய் வைக்கக் கூடாது. அங்கே பாதை போகட்டும், வண்டி நிற்கட்டும். பாம்பு பயமும் உண்மையானது, குறிப்பாக முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில். பாம்பு எலியைத் தேடி வருகிறது. கல் குவியலிலும் செங்கல் அடுக்கிலும் தங்குகிறது. கட்டட வேலை முடிந்தபின் கொல்லையில் விட்டுவைத்த இடிபாட்டை அப்புறப்படுத்தாமல் செடியைக் குறை சொல்வது சரியல்ல. புதரை வாசலுக்குப் பத்தடி தள்ளி வைத்தால் இந்தக் கவலை பெருமளவு தீரும்.

மரபு என்று ஒன்றைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. நம் வீட்டு வாசல் சாணம் தெளித்துப் பெருக்கிய வெறுந்தரை, அதில் கோலம், அறுவடை நாளில் கடலைச் செடி காயும். தோட்டம் என்பதே நமக்குப் புதிது, இதில் குளம் எங்கே வந்தது என்கிறார்கள். பாதி உண்மை. வெறுந்தரை வாசல் மண்வாசலாக இருந்தவரை தண்ணீரைக் குடித்தது. அதன் சரிவு கொல்லையிலிருக்கும் கிணற்றடியையோ ஊர்க் குட்டையையோ நோக்கி இருந்தது. சாலை இன்னும் தெற்கே போய்த் திருமயத்தைத் தாண்டினால் செட்டிநாடு. அங்கே அவ்வளவு பெரிய வீடுகளின் முற்றத்து மழையும் தெரு மழையும் ஊரணிக்குப் போகும்படி ஊரையே அமைத்திருக்கிறார்கள். வசதி வந்ததும் தண்ணீரை வெளியே தள்ளியவர்கள் அல்லர் அவர்கள். மரபை முழுதாக எடுத்துக்கொண்டால் அது தாழ்ந்த தரையின் பக்கமே சாய்கிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அது விவசாயிகளிடமிருந்து வருவது. ஒவ்வொரு வீடும் தன் மழையைத் தன் மனைக்குள்ளேயே பிடித்துவைத்தால் கீழே இருக்கும் குளத்துக்கு என்ன போகும்? கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் இது வெறும் தர்க்கம் அல்ல. 1974இல் தொடங்கப்பட்ட வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் ஏராளமான நிலத்தில் தைலமரம் வளர்க்கிறது. அந்த மரக்காடுகளுக்குள் எழுப்பும் வரப்புகள் மழையை மறித்துக் குளங்களை வறளவைக்கின்றன என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். போராட்டங்களும் வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆக, பிடித்துவைப்பது எல்லா இடத்திலும் நன்மை என்று சொல்ல முடியாது. இதற்குப் பதில் கலிங்கில் இருக்கிறது. கூரையும் தளமும் வந்த மனை, வெறும் கொல்லையாக இருந்த காலத்தைவிட அதிகத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அந்த அதிகத்தை மட்டும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதே வீட்டுத் தோட்டத்தின் வேலை. அரையடி ஆழம் என்று நான் சொன்னதும் அதனால்தான். அது முதல் மழைகளைக் குடித்துவிட்டு, அடைமழையில் நிரம்பி வழிய வேண்டும். வழியும் தண்ணீர் சாக்கடையில் விழாமல் வாரியில் சேரும்படி மட்டம் பார்ப்பது கட்டாயம். மனையின் ஓரமாகப் பழைய வாரி ஒன்று போனால் அதைக் கிராவல் போட்டு மூடிவிட்டுச் சுவர் எழுப்புவது, எவ்வளவு அழகான தோட்டத்துக்காக என்றாலும், குளத்துக்குச் செய்யும் துரோகம். வருவாய்த் துறை வரைபடத்தில் அது புறம்போக்காக இருந்தால் சட்டப்படியும் குற்றம்.

மண்ணும் மட்டமும் தீர்ந்த பிறகே செடி. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆதனக்கோட்டை போகும் வழியில், சாலையோரம் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்கும் பெண்களைப் பார்க்காமல் போக முடியாது. அந்த முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஒன்று இந்தச் சரளை மண்ணில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாகிவிட்டது, மற்றது வழக்காகிவிட்டது. எனவே நாட்டுச் செடி, வெளிநாட்டுச் செடி என்ற சாதிப் பிரிப்பு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் நூற்றாண்டுகளாக விடை வைத்திருப்பவை அய்யனார் கோயில் காடுகள். மண்குதிரைகளுக்குப் பின்னால் அடர்ந்து நிற்கும் அந்தக் காடுகளில் காசா, உலக்கைப்பாலை, வெப்பாலை, நாவல், குருந்து, காரை என்று வறட்சியைத் தாங்கி நிற்கும் மரம் செடிகள் பல உண்டு. காசாவின் நீலப் பூவைப் பார்த்தவர் அலங்காரச் செடிக்காகப் பெங்களூர் நர்சரியைத் தேட மாட்டார். நர்சரியில் அது கிடைப்பதுதான் கஷ்டம். முன்கூட்டிச் சொல்லி விதை போட்டு வளர்க்கச் சொல்ல வேண்டும். காகிதப்பூ, அரளி, நந்தியாவட்டை ஆகியவை எளிதில் கிடைக்கும். பிறந்த ஊர் எதுவானாலும் கோடையைத் தாண்டும். சுவரோரம் சீக்கிரம் பச்சை காட்டுகிறது என்று காண்ட்ராக்டர்கள் பரிந்துரைத்துவந்த கோனோகார்பஸை குஜராத் அரசு 2023இல் தடை செய்தது. தமிழ்நாடும் பிறகு அதற்கு எதிரான நிலையை எடுத்தது. இன்னும் யாராவது அதை விலைப்பட்டியலில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

மரம் என்றாலே இந்தப் பக்கத்தில் கஜா நினைவுக்கு வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய புயல், உள்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடந்து போனபோது தென்னை, பலா, முந்திரி, தேக்கு என்று கணக்கில்லாமல் சாய்த்தது. அதற்குப் பிறகு வீட்டருகே மரமே வேண்டாம் என்றவர்கள் உண்டு. பேவர் பிளாக் பெருகியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பனைகள் பெரும்பாலும் நின்றன என்பதையும் அதே மக்கள்தான் சொல்வார்கள். புயல் கற்பித்தது மரத்தைத் தவிர்ப்பதை அல்ல, வேரைக் கவனிப்பதை. ஓரடிக் குழி தோண்டி, கறுப்புப் பையில் சுருண்ட வேரோடு மரக்கன்றை இறக்கி, மேலே சிவப்புக் கல் பரப்பிவிட்டால் அந்த மரத்தின் வேர் சரளையைத் துளைக்காமல் குழிக்குள்ளேயே சுற்றும். தினமும் ஊற்றும் மேல்தண்ணீர் அதை மேலேயே தங்கவைக்கும். மூன்றடிக் குழியில் கடப்பாரையால் சரளையை உடைத்து, சுருண்ட வேரைக் கத்தரித்து, தாழ்ந்த தரையின் ஈரத்தைத் தேடிக் கீழே போகவைத்த மரத்துக்கும் அதற்கும் புயல் நாளில் வேறுபாடு தெரியும். பெரிய மரம் வீட்டிலிருந்து அதன் முழு உயரத்துக்குத் தள்ளி நிற்கட்டும். இடமில்லாத மனையில் பதினைந்தடிக்கு மேல் போகாத மரம் போதும். மனையில் ஏற்கெனவே பனை நின்றால், இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காண்ட்ராக்டர் அதில் கை வைக்கக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது.

இப்போது காண்ட்ராக்டர். ஊரில் தோட்டத்துக்கென்றே படித்த ஆள் கிடைப்பது அரிது. நர்சரிக்காரர், பேவர் பிளாக் பதிப்பவர், வீடு கட்டிய மேஸ்திரி என்று இவர்களில் ஒருவர்தான் முழு வேலையையும் எடுப்பார். நர்சரிக்காரர் எடுத்தால் செடி அதிகமாகும். பிளாக்காரர் எடுத்தால் கல் அதிகமாகும். அவரவர் சரக்கை அவரவர் விற்பார், அதில் தப்பில்லை. தப்பு, சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவதில் இருக்கிறது. சதுர அடி விலை கண்ணில் படுவதற்கு மட்டும் கொடுக்கும் விலை. எத்தனை அடி ஆழம், எந்த மட்டம், என்ன மண் என்பவை அதற்குள் வராது. லாபம் தேவைப்படும்போது முதலில் குறைவதும் அவைதான். ஆகவே வேலையைப் பிரித்துப் பேச வேண்டும். மண்வேலைக்குத் தனி விலை, அதுவும் யூனிட் கணக்கில்; கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் மட்டம் பிடித்து, சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். குழிக்குத் தனி விலை, நீள அகல ஆழம் சொல்லி. செடிக்குத் தனி விலை, பெயரும் பை அளவும் சொல்லி. கொண்டுவந்து கொட்டும் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் வீட்டுக்காரரின் வேலை. குளத்து வண்டலை இலவசமாக எடுக்க 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தர வகை செய்தது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும்தான். தோட்டத்துக்கென்று இரவில் வரும் வண்டல் லாரிக்கு எந்தச் சீட்டும் இருக்காது. பிடிபட்டால் வாசலில் கிடக்கும் மண்ணுக்கு வீட்டுக்காரரும் பதில் சொல்ல நேரும். தாழ்த்தி எடுத்த தன் மண்ணிலேயே மக்கிய சாணமும் இலைச் சருகும் கலந்தால் இந்தத் தொல்லை வராது.

காலத்தைப் பொறுத்தவரை மாதப்பெயர்களே போதும். சென்ற ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே அரித்தது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு மழைக் காலமாவது பார்க்காத மனைக்குத் திட்டம் போடுவது வீண். சித்திரை, வைகாசியில் தரை காய்ந்திருக்கும்போது மண்வேலையும் பாதையும். ஆடிக் காற்று ஓய்ந்து புரட்டாசி பிறந்ததும் நடவு. கார்த்திகைக்குள் கலிங்கு சரியாக வழிகிறதா என்று சோதனை தானாகவே நடந்துவிடும். பணமும் இந்தக் காலவரிசையில் போகட்டும்: மண்வேலை அளந்ததும் அதற்குரியது, நட்டதும் அதற்குரியது, செடிக் கணக்கில் கால் பங்கு அடுத்த ஆனியில், கோடையைத் தாண்டி எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணிய பிறகு. நிறுத்திவைப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் அது பாக்கி, முதலில் சொன்னால் அது ஒப்பந்தம்.

எழுதிக் கேட்டால் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்பது கடைசி மறுப்பு. வாய்ச்சொல்லில் நடக்கிற ஊரில் பத்திரம் எதற்கு? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், சிக்கல் நிரூபிப்பதில். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தில் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. கூலி வாங்கித் தோட்டம் அமைப்பதற்கும் அதே தர்க்கம் பொருந்தும். புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் நாற்பது செடி பட்டுப்போனதற்காக ஆணையத்துக்குப் போகிறவர் அபூர்வம், போகவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்குக்காக அல்ல. இருவர் மனதிலும் ஒரே தோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்தத் தாள் காண்ட்ராக்டரையும் காக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில், பெற்றோர் உள்ளூரில், வீடியோ அழைப்பில் வாரம் ஒரு மாற்றம். நட்ட செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாருமே பேசவில்லை. சித்திரையில் செடி காய்ந்ததும் பழி மட்டும் காண்ட்ராக்டர் மேல். முதல் கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் விடுவது வீட்டார் பொறுப்பு, இடையில் கேட்கும் மாற்றத்துக்குத் தனிக் கூலி என்று அதே தாளில் எழுதினால், ஆனி மாதத்துக் கால் பங்கை நிறுத்திவைப்பதற்கு அவர் ஒப்புக்கொள்ள நியாயம் கிடைக்கிறது. அப்படியும் ஒப்பாதவர் இருப்பார். அவரிடம் வீட்டைச் சுற்றி அந்த ஆறு எட்டடிக் கல்பாதையை மட்டும் கொடுத்துவிடலாம். மட்டத்துக்கு டியூப் பிடிக்கத் தெரிந்த ஒரு கொத்தனார், தாழ்த்துவதற்கு ஒரு நாள் ஜேசிபி, குழிக்கும் நடவுக்கும் கடலைக் கொல்லையில் வேலை செய்து பழகிய நான்கு பேர் என்று மீதியைத் தனித்தனியாகக் கூலிக்குப் பேசிக்கொள்ளலாம்.